பெயர்ப்பலகையும் தண்ணீர்க் குடமும்

தெருக்களின் பெயர்களையும் பூங்காக்களின் பெயர்களையும் நாம் தினமும் உச்சரிக்கிறோம். கடிதத்தில் எழுதுகிறோம், பேருந்து நடத்துநரிடம் சொல்லிச் சீட்டு வாங்குகிறோம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் இந்த ஊருக்கு என்ன செய்தார் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

நம் மதுரையையே எடுத்துக்கொள்வோம். 1840-ஆம் ஆண்டுகளில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், பழைய கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, நெரிசலில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஊருக்குப் புதிய வீதிகள் பிறந்தன. அந்தக் கலெக்டருக்கு நன்றி காட்ட எழுப்பப்பட்டதுதான் நாமெல்லாம் அறிந்த விளக்குத்தூண். அத்துடன் மதுரை மக்கள் நின்றுவிடவில்லை. வேலையை நேரில் நின்று நடத்திய மாரட் என்பவருக்கு ஒரு வீதியும், பெருமாள் என்ற மேஸ்திரிக்கு ஒரு வீதியும் பெயரால் உரிமையாயின. வெயிலில் நின்று வேலை பார்த்த ஒரு மேஸ்திரியின் பெயர் இன்றும் நம் வாயில் வழங்குகிறது என்பது மகிழ்ச்சிக்கு உரிய செய்தி அல்லவா?

பெருமாள் மேஸ்திரியாவது அரசு வேலையில் இருந்தவர். பதவி இல்லை, பள்ளிப் படிப்பு இல்லை, செய்த வேலைக்குச் சம்பளமும் இல்லை என்ற நிலையில் உள்ள ஒருவரின் பெயர் ஒரு பூங்காவுக்கு வருமா? வந்திருக்கிறது. ஒன்றல்ல, பல பூங்காக்களுக்கு வந்திருக்கிறது. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் வனத்துறையினர் பல ஊர்களை ஒட்டி மரப் பூங்காக்கள் அமைத்திருக்கிறார்கள். நடக்கப் பாதை, குழந்தைகள் விளையாட இடம், பெயர் எழுதிய மரங்கள் ஆகியவற்றைக் கொண்ட அந்தப் பூங்காக்களின் வாயிலில் ‘சாலுமரத திம்மக்கா’ என்ற பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு கூலித் தொழிலாளிப் பெண். அவருடைய வரலாற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பெயரின் பொருள்

கன்னடத்தில் ‘சாலு’ என்றால் வரிசை. ‘சாலுமரத’ என்றால் வரிசை மரங்களுக்கு உரிய என்று பொருள். நம் உழவர்கள் ஏர் ஓட்டும்போது நிலத்தில் விழும் நீண்ட கோட்டைச் ‘சால்’ என்பார்கள். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்களே. ஆகவே ‘வரிசை மரத் திம்மக்கா’ என்று நாம் தமிழில் அழைக்கலாம். அக்கா என்பது நமக்குப் புதிய சொல் அன்று.

இப்பெயரைப் பெற்றோர் வைக்கவில்லை. பெற்றோர் வைத்தது திம்மக்கா மட்டுமே. முன்னால் உள்ள அடைமொழியை ஊர் மக்கள் கொடுத்தார்கள். பட்டங்களில் மிக உயர்ந்தது, செய்த வேலையைப் பார்த்து ஊர் தானாகக் கொடுக்கும் பட்டந்தான்.

அவர் வாழ்க்கை

திம்மக்கா தும்கூர் மாவட்டத்தில் குப்பி வட்டத்தில் பிறந்தவர். வறிய குடும்பம். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் அல்லர். கல் குவாரியில் கூலி வேலை செய்தார். பெங்களூருக்கு மேற்கே மாகடி வட்டத்தில் உள்ள ஹுலிகல் என்ற கிராமத்துச் சிக்கய்யாவுக்கு வாழ்க்கைப்பட்டார். சிக்கய்யாவும் கூலித் தொழிலாளியே.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. குழந்தை இல்லாத பெண் கிராமத்தில் என்னென்ன பேச்சுக் கேட்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். வளைகாப்புக்கு அழைக்க மாட்டார்கள். அழைத்தாலும் முன்னே நிற்க விடமாட்டார்கள். கணவருக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று அவள் காதுபடவே பேசுவார்கள். நம் மதுரைச் சீமையிலும் இந்த வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. திம்மக்காவும் இத்தகைய ஏச்சுக்கும் ஒதுக்கலுக்கும் ஆளானவர்தாம். அந்த மன வேதனையிலிருந்துதான் மரம் வளர்க்கும் எண்ணம் அவ்விருவருக்கும் உண்டாயிற்று. மரங்களைப் பிள்ளைகளாக வளர்ப்போம் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்தார்கள்.

ஹுலிகல்லிலிருந்து கூதூர் செல்லும் சாலையில் நிழல் இல்லை. அவர்கள் ஊரிலோ ஆலமரங்கள் நிறைய இருந்தன. அம்மரங்களிலிருந்தே கன்றுகளை உண்டாக்கினார்கள். முதல் ஆண்டில் 10 கன்றுகள். இரண்டாம் ஆண்டில் 15. மூன்றாம் ஆண்டில் 20. இவ்வாறு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரத்துக்கு 385 ஆலமரங்கள் வளர்ந்தன.

இங்கே நம் கணக்குப் பாடத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். 10, 15, 20 என்று ஆண்டுக்கு ஐந்து கூடும் கூட்டுத் தொடரை எழுதிக்கொண்டே போனால் பதினோராம் உறுப்பு 60. பதினோரு உறுப்புகளின் கூடுதல் என்ன? கூட்டிப் பாருங்கள், சரியாக 385 வரும். அவர்கள் அப்படித்தான் ஆண்டு தவறாமல் நட்டார்கள் என்று இதனால் சொல்ல வரவில்லை. ஒரே நாளில் ஆயிரம் கன்று நடும் ஆரவாரம் இல்லாமலே, ஆண்டுக்கு ஐந்து கூட்டிக்கொண்டு போனால் பத்துப் பதினோரு ஆண்டுகளில் ஒரு சாலை முழுவதும் நிழலாகும் என்பதே இக்கணக்குக் காட்டும் பாடம்.

குடமும் முள்வேலியும்

கன்று நடுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

மழைக்காலத்தை ஒட்டியே அவர்கள் கன்றுகளை நட்டார்கள். முதல் மழையில் வேர் பிடித்துவிட்டால் பிறகு வரும் கோடையைக் கன்று ஓரளவு தாங்கும் அல்லவா? ஆயினும் கோடையில் தண்ணீர் ஊற்றாமல் முடியாது. நான்கு குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டு நான்கு கிலோமீட்டர் நடந்து போய் இருவரும் ஊற்றினார்கள். ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆளுக்கு இரண்டு குடம் என்றால் 30 கிலோ! வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாளில் தெருமுனை வரை ஒரு குடத்துடன் போய் வந்த மாணவியருக்கு இதன் பாரம் நன்கு தெரியும்.

தண்ணீர் மட்டும் போதாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆலங்குழை மிகவும் பிடிக்கும். ஒரு நிமிடம் அயர்ந்தால் ஓராண்டு உழைப்பு ஓர் ஆட்டின் வாயில் போய்விடும். ஆகவே கன்றைச் சுற்றி முள் வெட்டி வேலி கட்டினார்கள். இத்தனையும் வயிற்றுப்பாட்டுக்கான கூலி வேலைக்கு இடையே செய்தார்கள். யாரும் அவர்களை வேலைக்கு வைக்கவில்லை. யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை. தன்னார்வத் தொண்டு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அகராதியில் கிடைக்காது.

1991-இல் சிக்கய்யா காலமானார். திம்மக்கா தனியாகவே இப்பணியைத் தொடர்ந்தார்.

ஏன் ஆலமரம்?

சாலையோரத்துக்கு ஆலமரத்தைத் தேர்ந்தெடுத்தது பழைய அறிவு. பேரரசர் அசோகர், சாலைகளில் ஆலமரங்கள் வைத்ததைத் தம் கல்வெட்டில் குறிப்பிட்டிருக்கிறார். நம் மதுரையில் 1689 முதல் ஆட்சிப் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றார். தென் மாவட்டங்களில் ‘மங்கம்மாள் சாலை’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கோரிப்பாளையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அவருடைய தமுக்கம் அரண்மனைதான் 1959-இல் காந்தி அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆனால் அரசர்களுக்குக் கருவூலமும் ஆட்களும் இருந்தன. திம்மக்காவுக்கு இருந்தவை இரண்டு கைகளும் ஓர் இடுப்பும் மட்டுமே.

தாவர நூலார் ஆலமரத்தைப் ‘பைகஸ் பெங்காலென்சிஸ்’ என்பர். இது அத்தி, அரசு ஆகியவற்றின் உறவு. இதன் பூக்கள் நம் கண்ணுக்குத் தெரியாமல் பழத்தின் உள்ளேயே இருக்கும். மிகச் சிறிய ஒருவகைக் குளவிதான் உள்ளே புகுந்து மகரந்தச் சேர்க்கை செய்கிறது. பழுத்த ஆலம்பழத்தைத் தேடி மைனா, குயில், பச்சைப்புறா முதலிய பறவைகள் கூட்டமாக வரும். அவற்றின் எச்சத்திலிருந்து விழும் விதை சுவர் இடுக்கிலும் முளைத்துவிடும். ஓர் ஆலமரத்தை வளர்ப்பவர் ஒரு பறவைக் கூட்டத்துக்கே சோறு போடுகிறார்.

ஆலமரத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே சிப்பூரில் உள்ள தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் பூஞ்சை நோயால் கெட்டுப்போனதால் 1925-இல் அதை வெட்டி அகற்றினார்கள். ஆனாலும் மரம் சாகவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகள் தாங்கிக்கொள்ள, இன்றும் பரந்து நிற்கிறது. ஆல்போல் தழைத்து வாழ்க என்று பெரியோர் வாழ்த்துவதன் பொருள் இதுதான். முதலில் நட்டவர் மறைந்தாலும் தாங்குவதற்கு விழுதுகள் வேண்டும்.

விருதும் பூங்காவும்

திம்மக்காவின் பணியை உலகம் அறிய நெடுங்காலம் ஆயிற்று. 1997-இல் இந்திரா பிரியதர்சினி விருட்சமித்ரா விருது கிடைத்தது. 2010-இல் ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகம் ‘நாடோஜ’ என்ற சிறப்புப் பட்டம் அளித்தது. 2019-இல் பத்மஸ்ரீ. அப்போது அவருக்கு 107 வயது. குடியரசுத் தலைவர் மாளிகையில் விருதை வாங்க வந்த அவர், தமக்கு விருது வழங்கிய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தின் நெற்றியைத் தொட்டு ஆசீர்வதித்தார். அங்குள்ள கட்டுப்பாடுகளுக்கு அது புதிது; பாட்டிக்கோ பேரனைக் கண்டால் அதுதான் இயல்பு. கூடியிருந்தோர் கைதட்டினர். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சுற்றுச்சூழல் கல்விக்கான ஓர் அமைப்பு அவர் பெயரைத் தாங்கியது. பூங்காக்களுக்கு அவர் பெயர் வந்ததை முன்பே சொன்னோம்.

ஆனால் மாலைகள் குவிந்த காலத்திலும் அவர் நெடுநாள் எளிய வீட்டில், சிறிய உதவித் தொகையில்தான் வாழ்ந்தார் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. ஒருவர் பெயரைப் பலகையில் எழுதுவது எளிது; அவரைப் பேணுவதும் அவர் செய்ததைப் பேணுவதும் கடினம்.

இதற்கு ஒரு சோதனையும் வந்தது. 2019-இல் பாகேபள்ளி – ஹலகூர் சாலையை அகலப்படுத்தும் திட்டத்தால் அவருடைய ஆலமரங்களுக்கே ஆபத்து நேர்ந்தது. ஒருபக்கம் அவர் பெயரில் பூங்காக்கள். மறுபக்கம் அவர் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்களுக்குக் கோடரி! நூறு வயதைக் கடந்த அந்த மூதாட்டி சும்மா இருக்கவில்லை. முதலமைச்சர் குமாரசாமியிடம் முறையிட்டார். மரங்களை விட்டு வேறு வழி பார்க்க அரசு இசைந்தது. நட்டதும் தண்ணீர் ஊற்றியதும் போல, வாய் திறந்து கேட்டதும் அவருடைய தொண்டில் ஒரு பகுதியே.

திம்மக்கா 2025 நவம்பர் 14 அன்று பெங்களூரில், 114-ஆம் வயதில் காலமானார். நவம்பர் 14 நாம் குழந்தைகள் தினம் கொண்டாடும் நாள். குழந்தை இல்லாதவள் என்று பழிக்கப்பட்ட அந்தத் தாய் மறைந்த நாள் அதுவாக அமைந்தது.

கடல் கடந்த ஒரு பூங்கா

பெரும் நகரத்தின் நடுவிலும் இத்தகைய தொண்டு நடக்குமா என்று சிலர் கேட்கலாம். நியூயார்க் நகரத்தைப் பார்ப்போம். 1970-களில் அந்நகரம் பணமுடையில் சிக்கியது. பல கட்டடங்கள் கைவிடப்பட்டு, காலிமனைகளில் குப்பை மலைபோலக் குவிந்தது. பவரி, ஹூஸ்டன் என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் அத்தகைய மனை ஒன்று இருந்தது. அந்தப் பகுதியில் வாழ்ந்த லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியப் பெண்மணி 1973-இல் அக்கம்பக்கத்தாரையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு குப்பையை அள்ளத் தொடங்கினார். நல்ல மண் கொண்டுவந்து கொட்டினார்கள், வேலி போட்டார்கள், 60 பாத்திகள் அமைத்துக் காய்கறி பயிரிட்டார்கள். 1974-இல் நகர நிர்வாகம் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுத்தது.

லிஸ் கிறிஸ்டி 1985-இல் இளவயதிலேயே மறைந்தார். மறு ஆண்டு அந்தத் தோட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அவர் பெயரைச் சூட்டியவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடவில்லை. தன்னார்வத் தொண்டர்களே முறை வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பராமரித்தார்கள். இவ்வாறு பிறந்த பல தோட்டங்களை 1999-இல் அந்நகர நிர்வாகம் ஏலம் விட முற்பட்டது. மக்கள் கிளர்ந்து எழுந்தார்கள்; நன்கொடை திரட்டிய அமைப்புகள் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றின.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு வங்காரி மாத்தாயின் செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். லிமுருவில் லொரேட்டோ கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தவர் அவர். 1977-இல் ‘பசுமை வளைய இயக்கம்’ தொடங்கிக் கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரம் வளர்த்தார். 1989-இல் நைரோபி நகரத்து உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப அரசு முனைந்தபோது தனி ஒருத்தியாகக் குரல் எழுப்பினார். ஏச்சும் ஏளனமும் வந்தன. கட்டடம் வரவில்லை, பூங்கா பிழைத்தது. 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கூலிப் பெண் ஒருவர், ஓவியப் பெண்மணி ஒருவர், பேராசிரியை ஒருவர். மூவர் கதையிலும் ஒரே ஒழுங்கைக் காண்கிறோம். முதலில் வைத்தல், பிறகு வளர்த்தல், கடைசியில் காத்தல். பெயர் வந்தது இவற்றுக்குப் பின்னால்தான்.

நாம் செய்யக் கூடியது

ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் நாடெங்கும் வனமகோத்சவம் கொண்டாடுகிறோம். 1950-இல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கி வைத்த நல்ல வழக்கம் அது. கன்று நடுகிறோம், வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால் எத்தனை கன்று உயிருடன் இருக்கிறது?

நமது ஊரின் பருவத்தை நாம் முதலில் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் ஜூன் மாதத்திலிருந்தே பருவமழை கிடைக்கிறது. மதுரைச் சமவெளிக்கு முதன்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே. எனவே ஜூலையில் விழாக் கொண்டாடினாலும், கன்றைத் தொட்டியில் பேணி, புரட்டாசிக் கடைசியில் மண்ணில் நடுவது நல்லது. பள்ளி வளாகம் போன்ற சிறிய இடத்துக்கு ஆலமரம் ஏற்றதன்று. அதன் வேர் சுவரைப் பிளந்துவிடும். புங்கு, வேம்பு, பூவரசு, மகிழம் ஆகியவை போதும். ஆலுக்கு உரிய இடம் கண்மாய்க் கரையும் அகன்ற சாலையோரமும்.

ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வகுப்பு பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை நடும் நாளிலேயே முடிவு செய்து எழுதி வைப்போம். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் மாணவியர் முறை வைத்துக்கொண்டு வந்தால் வாரத்துக்கு இரண்டு குடம் பெரிய பாரமாகாது. கை கழுவும் தண்ணீரையும், சாப்பாட்டு டப்பா கழுவும் தண்ணீரையும் வாய்க்கால் வெட்டிக் கன்றுக்குத் திருப்பிவிடலாம். பெற்றோர்களும் இதற்கு ஒத்துழைக்க வேண்டுகிறோம்.

இன்னொன்றும் செய்யலாம். நாம் விளையாடச் செல்லும் பூங்காவின் பெயர்ப்பலகையை ஒருமுறை நின்று படிப்போம். அவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அதன் பிறகு, அந்தப் பூங்காவில் காலையில் குப்பை கூட்டும் அம்மாவையும் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் தாத்தாவையும் பார்த்து ஒரு வணக்கம் சொல்வோம். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இராது. ஆனால் பலகையில் உள்ள பெயர் வாடாமல் இருப்பது அவர்கள் ஊற்றும் தண்ணீரால்தான்.